நான்கு உருளைகளும் மூன்று கோட் பெயிண்டும்

சோஸ்னோவ்கா-16
3 பிப்ரவரி 1997

அன்புத் தம்பி வென்யாவுக்கு,

யூரல் மலைப்பக்கத்துக் குளிரிலிருந்து அக்கா ரிம்மாவின் வணக்கம். நானும் பூனையும் உயிரோடும் திடமாகவும் இருக்கிறோம். நீயும் ஸோயாவும் அப்படியே இருப்பதாக நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது. புத்தாண்டுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டையில் உன் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லையே!

விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் தேதி இங்கிருந்து நாற்பத்தெட்டு உருளைகள் ரயிலேறுகின்றன. அமெரிக்கக் கப்பல் வரும்வரை உன் துறைமுகக் கிடங்கில்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் நானே தராசில் ஏற்றி, நானே எடை எழுதி, நானே முத்திரை வைத்தேன். எடை அறையில் எனக்கு இது இருபத்தாறாவது வருடம். எழுதிய எண்ணை ஒருநாளும் அடித்துத் திருத்தியதில்லை. இது உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ எதையும் காதில் வாங்குகிறவன் இல்லை.

நான்கு மாதமாக இங்கே ஒருவருக்கும் சம்பளம் வரவில்லை. வாங்குகிறவர்கள் தங்கள் தராசில் நிறுத்துப் பார்த்து, இந்த முறையும் என் எண்ணோடு ஒத்துப்போனால், அடுத்த மூன்று வருடச் சரக்கும் எங்கள் ஆலைக்கே. ஒத்துப்போகாவிட்டால் வேறு ஊர் ஆலைக்குப் போய்விடும். ஊரே என் தராசைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எதையும் தொடாதே. இறக்கு, வை, கப்பலில் ஏற்று. உன் சொந்த யோசனை எதையும் அதில் சேர்க்காதே.

ஸோயாவைக் கேட்டதாகச் சொல். கழுத்துத் துண்டில்லாமல் வெளியே போகாதே.

அக்கா ரிம்மா


செயின்ட் பீட்டர்ஸ்பர்க்
26 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நேவா நதிக்கரை ஈரக்காற்றில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வென்யா எழுதுவது. மூக்கைத் தவிர மற்றதெல்லாம் சுகம். ஸோயா மீன்கடையில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடக்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. பூனைக்கு என் அன்பு.

உன் "சரக்கு" பத்திரமாக வந்தது. அக்கா, இன்னும் எதற்கு இந்த ஒளிவுமறைவு? பழைய அணுகுண்டுகளைப் பிரித்து, உள்ளே இருந்த யுரேனியத்தின் வீரியத்தைக் குறைத்து, அமெரிக்காவின் மின்சார உலைகளுக்கு விற்கிறோம் என்று செய்தித்தாளில் படத்தோடு போடுகிறான். நீ மட்டும் இன்னும் கடுகு டப்பாவில் காசை மறைக்கிற மாதிரி சரக்கு, சரக்கு என்கிறாய்.

இனி நல்ல சேதி. போன வாரம் துறைமுகத் தலைவர் கூப்பிட்டார். "டேய் வென்யா, நாளைக்கு அமெரிக்கக்காரன் ஒருத்தன் வர்றான். நாலு உருளையோட வெளிக்கூட்டைத் தெறந்து உள்ள இருக்கிற நம்பர் தகட்டைப் பாக்கணுமாம். மானத்தக் காப்பாத்துடா" என்றார். அன்றைக்கே நான்கைத் திறந்து பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே கீறல், துரு, பழைய பெயிண்ட் உரிந்து தொங்குகிறது. எத்தனை முறைதான் கடல் தாண்டிப் போய் வந்த உருளைகளோ! இதையா அந்நியன் முன்னால் காட்டுவது? பக்கத்தில் ஒரு கப்பலுக்கு வைத்திருந்த சாம்பல் நிறப் பெயிண்ட் இருந்தது. நல்ல கெட்டி. மூன்று கோட். ஹீட்டர் வைத்துக் காயவைத்தேன். மறுநாள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றன நான்கும்.

வந்தவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தகட்டை மட்டும் பார்த்தான், குறித்துக்கொண்டான், போய்விட்டான். பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரசனை கெட்ட ஜென்மம்! ஆனால் தலைவருக்கு ஒரே குஷி. மார்ச் முதல் தேதியிலிருந்து நான் கிடங்குப் பொறுப்பாளர். எனக்கென்று தனி அறை, தனிச் சாவிக்கொத்து. நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு கதவில் என் பெயர்.

கப்பல் ஐந்தாம் தேதி கிளம்புகிறது. இனி நிம்மதியாகத் தூங்கு.

உன் தம்பி, பொறுப்பாளர் வென்யா


சோஸ்னோவ்கா-16
21 ஏப்ரல் 1997

வென்யா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். நலமா?

அமெரிக்காவிலிருந்து எடைத்தாள் வந்துவிட்டது. நாற்பத்துநான்கு உருளைகள் என் எண்ணோடு அப்படியே ஒத்துப்போகின்றன. நான்கு மட்டும் கூடுதல். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு கிலோ முந்நூறு கிராம்.

கூடினால் லாபம்தானே என்று எதிர்வீட்டுக்காரி கேட்கிறாள். உருளைக்கிழங்கு மூட்டையா இது, இரண்டு கூடுதலாக விழுந்தால் சிரித்துக்கொண்டே வாங்கிப்போக? கூடினால், காகிதத்தில் இல்லாத யுரேனியம் எங்கள் ஆலையில் இருக்கிறது என்று அர்த்தம். அல்லது என் தராசு பொய் சொல்கிறது. அல்லது நான் சொல்கிறேன். இது குறைவதைவிட மோசம். மாஸ்கோவிலிருந்து குலிகோவ் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு வந்து இறங்கிவிட்டது. என்னை எடை அறைக்குள் விடுவதில்லை. சாவியை வைத்துக்கொள்ளலாம், உள்ளே போகக் கூடாது என்கிறார்கள். இது என்ன நியாயம்?

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு உன் கடிதம் நினைவுக்கு வந்தது. எடுத்து மறுபடி படித்தேன். மூன்று கோட்! கப்பலுக்கு அடிக்கிற பெயிண்ட்! எடை போட்டு முத்திரை வைத்த உருளைக்கு! படையில் இருந்தபோது ஜெனரல் வருகிறார் என்று காய்ந்த புல்லுக்குப் பச்சை அடித்தவன்தானே நீ. அப்போதே நான் சிரித்திருக்கக் கூடாது.

உன் கடிதத்தைக் குழுவிடம் நீட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். செய்ய மாட்டேன். நான் நீட்டினால் அது உன்னைக் காட்டிக்கொடுத்தது. நீயே எழுதினால் அது நீ ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவனைத் திட்டுவார்கள், மறைத்தவனைத் துரத்துவார்கள். எந்த நான்கு உருளை, எந்தப் பெயிண்ட், எத்தனை கோட் என்று குழுவுக்கு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. தொலைபேசியில் சொல்வது இங்கே செல்லாது.

அக்கா


செயின்ட் பீட்டர்ஸ்பர்க்
8 மே 1997

என் அருமை அக்காவுக்கு,

வசந்தகால வணக்கங்கள். உன் உடம்பு எப்படி? ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறாயா? பூனை சாப்பிடுகிறதா?

இங்கே கொருஷ்கா மீன் வந்துவிட்டது. தெருவெங்கும் அந்த மீனுக்கே உரிய வெள்ளரிக்காய் வாசனை. ஸோயாவின் கடையில் வரிசை முக்கு திரும்பிப் போகிறது. நாள் முழுக்க மீன் விற்றுவிட்டு வந்து, வீட்டிலும் மீனே பொரிக்கிறாள். வலது பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள் அவளுக்கு. டாக்டர் முதலில் நல்ல பல்லைப் பிடித்துவிட்டான். அவள் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். நாளை உலகப்போர் வெற்றி நாள். அப்பாவின் பதக்கங்களைத் துடைத்து வைத்தேன். பால்கனியில் வெங்காயம் நட்டிருக்கிறோம். மழை வரும் போலிருக்கிறது.

நீ கேட்டதை மறக்கவில்லை. எண்களைக் கிடங்குப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. சாவி கிடைத்ததும் பார்க்கிறேன்.

முத்தங்களுடன்,
வென்யா


சோஸ்னோவ்கா-16
17 மே 1997

பொறுப்பாளர் அவர்களுக்கு,

பூனை சாப்பிடுகிறது. நான்தான் சாப்பிடவில்லை.

அந்தக் கிடங்கின் எல்லாச் சாவியும் உன் இடுப்பில் தொங்குகிறது என்று எழுதியது யார்? வெங்காயம், பல், பதக்கம்! இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு, யாரும் கேட்காமலே பள்ளிக்கூடப் பாட்டைப் பாடிக் காட்டுவாய். அதே ஆள்தான், முடி மட்டும் கொட்டிவிட்டது.

எழுதுவாயா, மாட்டாயா?

ஸோயாவின் பல்வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ரிம்மா


செயின்ட் பீட்டர்ஸ்பர்க்
24 மே 1997

அன்பு அக்காவுக்கு,

ஸோயாவுக்கு வலி இல்லை. எனக்குத்தான் தூக்கம் இல்லை. உன் கடிதம் படித்த நாளிலிருந்து.

சரி, ஒளிக்காமல் சொல்கிறேன். தலைவரிடம் போனேன். "ஐயா, அந்த நாலு உருளையில பெயிண்ட் அடிச்சோம்ல, அத ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடலாம்னு பாக்குறேன்" என்றேன். கதவைச் சாத்தினார். "என்னய்யா பெயிண்டு? யார் அடிச்சா? அமெரிக்கக்காரன் வந்தான், தகட்டப் பாத்தான், போனான். அவன் வரதுக்கு முன்னாடி நீ கூட்டத் தெறந்ததுக்கு எங்கிட்ட உத்தரவு வாங்குனியா? எழுது, தாராளமா எழுது. எழுதிட்டுச் சாவிக்கொத்த மேசை மேல வெச்சிட்டுப் போ" என்றார். மானத்தைக் காப்பாற்றச் சொன்ன அதே வாய்!

அக்கா, எனக்கு வேறு வேலை கிடைக்காது. என் வயதுக்காரர்கள் சந்தையில் நின்று சாக்ஸ் விற்கிறார்கள். பொறியாளர்கள், டாக்டர்கள். நீயோ ஊருக்கே வேண்டியவள். உன்னை என்ன செய்துவிடுவார்கள்? நீ இப்படிச் செய்தால் என்ன: தராசின்மேல் போட்டுவிடு. குளிரில் பிசகிவிட்டது, நாலு உருளைக்குத் தப்பாகக் காட்டிவிட்டது என்று சொல். தராசு கோபித்துக்கொள்ளாது, அதற்குப் பெண்டாட்டியும் கிடையாது.

கோபப்படாதே.

வென்யா


சோஸ்னோவ்கா-16
1 ஜூன் 1997

வென்யா,

தூக்கத்துக்குச் சூடான பால் நல்லது. மேலே படி.

அந்தத் தராசில் ஐந்து வருடத்தில் ஆயிரத்து நூறுக்கு மேல் உருளைகள் நிறுத்து அனுப்பியிருக்கிறேன். தராசு ஒருநாள் பிசகியது என்றால் எல்லா நாளும் பிசகியிருக்கலாம் என்றுதான் வாங்குகிறவன் நினைப்பான். ஆயிரத்து நூறு எண்ணும் சந்தேகம். அடுத்த மூன்று வருடச் சரக்கு கைவிட்டுப் போகும். ரொட்டிக்குக் கடன் சொல்லி நிற்கிற ஒரு ஊரின் தலையில் உன் பெயிண்டைக் கொட்டச் சொல்கிறாய்.

என்னை என்ன செய்துவிடுவார்கள் என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். எடை அறையை விட்டு அனுப்புவார்கள். உனக்கு அது பெரிதாகத் தெரியாது. எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. காலையில் எழுந்தால் போவதற்கு அந்த அறை இருந்தது. ஆயிரக்கணக்கான பேர் வேலை செய்யும் ஆலையில், "ரிம்மா எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று என் காதுபடச் சொல்வார்கள். அதைத் தவிர நான் சம்பாதித்தது எதுவும் இல்லை. இப்போது வராந்தாவில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். நேற்றுக் கழிப்பறையில் நின்று அழுதேன், ஐம்பத்துமூன்று வயதில்.

பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, குழு முடிவு சொல்கிறது. மூன்று வரி போதும். எழுது, அல்லது எழுத மாட்டேன் என்று ஒரு தந்தியாவது கொடு. எனக்குத் தெரிய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செயின்ட் பீட்டர்ஸ்பர்க்
9 ஜூன் 1997

மதிப்புக்குரிய அண்ணி ரிம்மா சவேல்யெவ்னாவுக்கு,

வணக்கம். ஸோயா எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். என் பல் ஆறிவிட்டது, விசாரித்ததற்கு நன்றி.

இந்த மனுஷனை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை அண்ணி. அடுப்பங்கரை மேசையில் தாளை வைத்துக்கொண்டு எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். யாராவது பொம்பளைக்கு எழுதுகிறாரோ என்று சந்தேகப்பட்டு, குப்பைக்கூடையைக் கொட்டி ஒட்டவைத்துப் படித்தேன். பொம்பளையாக இருந்திருந்தால் மண்டையில் ஒன்று போட்டு முடித்திருப்பேன்.

"ஏன்யா, அக்கா அங்க நடுத்தெருவுல நிக்குறாங்க, நீ இங்க பேனாவைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கே?" என்று கேட்டேன். "நான் எழுதினா மட்டும் நம்புவாங்களா? தம்பி அக்காவுக்காகப் புளுகுறான்னுதானே சொல்லுவாங்க? கையில ஆதாரம் வேணும்டி" என்கிறார். இவ்வளவு நாள் பயம், இப்போது ஆதாரம்! முந்தாநாள் எங்கிருந்தோ ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். என் கடைத் தராசில் நிறுத்தார். இப்போது அதற்குப் பெயிண்ட் அடித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். வீடெல்லாம் நாற்றம். கட்டிலில் படுக்க முடியவில்லை.

எழுதிவிடுவார் அண்ணி. நான் எழுதவைக்கிறேன். வேலை போனால் போகட்டும், மீன்கடையில் இன்னொரு கைக்கு வேலை இருக்கிறது. நீங்கள் மனம் தளராதீர்கள்.

உங்கள் ஸோயா


செயின்ட் பீட்டர்ஸ்பர்க்
13 ஜூன் 1997

அக்கா!

சுகம், சுகம், எல்லாரும் சுகம். அனுப்பிவிட்டேன்! நேற்று, பதிவுத் தபாலில், குழுவின் தலைவர் பெயருக்கே. மூன்று வரி கேட்டாய், நான்கு பக்கம் எழுதினேன். உருளை எண்கள், பெயிண்ட் டப்பாவின் லேபிள், தேதி, நேரம், என் கையெழுத்து, முகவரி.

அதோடு ஆதாரமும் வைத்தேன். தகட்டுக்கு அதே பெயிண்ட், அதே மூன்று கோட். நான்கு நாள் காயவிட்டு ஸோயாவின் மீன்கடைத் தராசில் மறுபடி நிறுத்தோம். வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், "இது என்ன மீனும்மா, கிலோ என்ன விலை?" என்று கேட்டார். சதுர மீட்டருக்கு நானூற்றிருபது கிராம் கூடியிருந்தது. உருளையின் மேற்பரப்பு ஐந்தரைச் சதுர மீட்டர். பெருக்கிப் பார்: இரண்டு கிலோ முந்நூற்றுப் பத்து!

துறைமுகத் தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். சாவிக்கொத்தைக் கேட்டார், வைத்துவிட்டேன். திங்களிலிருந்து மீன்கடையில் பெட்டி தூக்குகிறேன். உன்மேல் இனி யாரும் விரல் நீட்ட முடியாது. என்னைத் திட்டுகிறதாக இருந்தால், எடை அறையில் உட்கார்ந்து திட்டு.

உன் வென்யா


சோஸ்னோவ்கா-16
27 ஜூன் 1997

என் உதவாக்கரைத் தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது, அது உன் புண்ணியம்.

பதினாறாம் தேதி காலை வரை தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை, தந்தி இல்லை. ஸோயாவின் கடிதம் பதினேழாம் தேதி வந்தது. குழுவுக்கு நீ அனுப்பியது பதினெட்டில் வந்து சேர்ந்தது. வேலியும் காவலும் போட்ட எங்கள் ஊருக்குள் வரும் பதிவுத் தபால் காவல் வாசலிலேயே இரண்டு நாள் உட்கார்ந்து பதிவாகித்தான் உள்ளே வரும். அது உனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் குடியிருந்தவன் நீ!

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். "தராசு சரியில்லன்னு எழுதிடலாமா, ரிம்மா சவேல்யெவ்னா?" என்று குலிகோவ் கேட்டார். பேனாவைத் திறந்துவிட்டார். எழுதினால் ஊர் போயிற்று. உன் பெயரைச் சொன்னால் நீ போய்விட்டாய். நீ எழுத மாட்டாய் என்றே நினைத்துவிட்டேன். எழுந்து நின்று, "தராசு சரியா இருக்கு. எடை போட்டு முடிச்சப்புறம் அந்த நாலுக்கும் நான்தான் பெயிண்ட் அடிச்சேன்" என்றேன்.

"நீங்களா? எதுக்கு?"

"துருவா இருந்துச்சு. அந்நியன் பாத்தா மானக்கேடுன்னு தோணுச்சு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடுமையான கண்டிப்பு, ஆறு மாதம் பதவி இறக்கம், பிறகு அறைக்குத் திரும்பலாம் என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தொன்பதாம் தேதி மறுபடி கூப்பிட்டார்கள். மேசையில் உன் நான்கு பக்கம். குலிகோவ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க குடும்பத்துல பெயிண்ட் அடிக்கிறவங்க இன்னும் எத்தன பேரு இருக்கீங்க? மொத்தமா வரச் சொல்லிடுங்க, ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்றார்.

உன் கணக்கு அவர்களுக்குப் பிடித்திருந்தது. மீன்கடைத் தராசைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் இங்கேயும் தகட்டுக்குப் பெயிண்ட் அடித்துப் பார்த்தார்கள், பத்து கிராம் வித்தியாசத்தில் ஒத்துப்போனது. வாங்குகிறவர்களுக்குத் தந்தி போயிற்று. அவர்கள் ஒரு உருளையைச் சுரண்டிப் பார்த்துச் சரி என்றார்கள். மூன்று வருடச் சரக்கும் எங்களுக்கே. தராசு சுத்தம். என் எண்கள் நாற்பத்தெட்டும் சுத்தம்.

நான்தான் சுத்தமில்லை. பெயிண்ட் அடித்திருந்தால் கண்டிப்போடு போயிருக்கும். அடிக்காததை அடித்தேன் என்று குழுவின் முன்னால் சொன்னேனே, அதற்கு மன்னிப்பில்லை. பொய் சொன்னவள் எடை அறையில் இருக்கக் கூடாது. சரியான முடிவு. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். நேற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டேன். திங்களிலிருந்து துணிக்கிடங்கில் கையுறை எண்ணிக் கொடுக்கும் வேலை.

இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு பொய், வென்யா. நீ இரண்டு நாள் முன்னால் அனுப்பியிருந்தால் அதுவும் இருந்திருக்காது. நான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் இருந்திருக்காது. உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதத் தாள் போதாது. அந்த நான்கு பக்கத்தையும் எனக்குப் படிக்கக் கொடுத்தார்கள். அவர்கள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

பெட்டி தூக்கும்போது முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கித் தூக்கு. ஸோயாவுக்கு என் முத்தம். இதற்காவது உடனே பதில் போடு, கழுதை.

அக்கா ரிம்மா